ஊருக்குப் போன நாய்க்குட்டி

நான் எதையும் எளிதில் மறக்கிறவள் இல்லை. ஐந்தாம் வகுப்பில் என் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டு, எடுக்கவே இல்லை என்று டீச்சரிடம் சத்தியம் செய்தவள் இப்போது ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள். கல்யாண மண்டபங்களில் என்னைப் பார்த்தால் சிரிப்பாள். அவள் உட்கார்ந்த பந்தியில் நான் இன்றைக்கும் உட்காரமாட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, குணம் அப்படி அமைந்துவிட்டது. “நீ மட்டும் டீச்சர் ஆகலன்னா போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டர் ஆயிருப்ப,” என்பார் என் கணவர். அவர் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத மனிதர். வீட்டில் ஒருவராவது அப்படி இருக்க வேண்டும்.

போன வருஷம் எங்கள் நாய்க்குட்டி சாகப் பார்த்தது. அதற்காக நான் இரண்டு முறை பழிவாங்கினேன். முதல் முறை ஆள் மாறிப்போய்விட்டது. இரண்டாவது முறை மாறவில்லை.

மே மாதம் குரோம்பேட்டையிலிருந்து மாடம்பாக்கத்துக்குக் குடிவந்தோம். மகள் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்தால் வீட்டில் கத்துவதற்கு ஆள் இல்லை. நாய் வளர்ப்போம் என்று முடிவு செய்தோம். அதற்குத் தோதான வீடு கிடைப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. எத்தனை பேர், என்ன ஆளுங்க, அசைவம் சமைப்பீங்களா என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் தப்பித்துக் கடைசியில் நாய் என்றதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

இந்த வீட்டுக்காரி மட்டும் முகம் மலர்ந்தாள். “தாராளமா வச்சுக்குங்க மிஸ். எங்க வூட்லகூட ஒரு குட்டி இருந்துச்சு. இப்பதான் ஊருக்கு அனுப்பிட்டோம்.”

முப்பத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. கீழே அவர்கள், மாடியில் நாங்கள். அவள் கணவருடைய அப்பா காலத்தில் அந்தத் தெரு முழுக்க இவர்களுடைய நெல் வயலாம். இப்போது அதில் வீடுகளும் கடைகளும் நின்றன. பரம்பரை பரம்பரையாக அந்த மண்ணிலேயே இருக்கிறவர்கள். இவர்களுக்குப் போவதற்கு வேறு ஊர் ஏது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. வீடு கிடைத்த சந்தோஷத்தில் எதுவும் தோன்றவில்லை. நான் அவளை ஓனரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அவளுக்கு ஒரே மகள். எங்கள் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்பு. குடிவந்த மூன்றாம் நாளே மாடிக்கு ஏறி வந்து, எங்கள் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, “எங்க குட்டி ஊர்ல இருக்கு மிஸ். லீவுக்குப் போய்ப் பாக்கப் போறோம்,” என்றாள். எந்த லீவு என்று கேட்டேன். “அம்மா சொல்லுவாங்க,” என்றாள். அவளுக்கு ஏழாம் வாய்பாடு வரவில்லை. தினமும் சாயங்காலம் வந்தால் சொல்லித் தருகிறேன் என்றேன். வந்தாள்.

ஜூன் முதல் வாரத்தில் படப்பைக்குப் போய்க் குட்டியை வாங்கி வந்தோம். நாற்பத்தெட்டு நாள் குட்டி. லாப்ரடார் என்றார் விற்றவர். காது என்னவோ அப்படித்தான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு வைத்திருந்தார். தாய் நாய் எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது. முதல் தடுப்பூசி போட்ட அட்டையைக் கையில் கொடுத்து, “அடுத்த ஊசி போடற வரைக்கும் கீழ தரையில வுடாதீங்க மேடம். கண்ட எடத்துல மோந்துகினு திரிய வுடாதீங்க,” என்று சொன்னார். சரி தம்பி என்றேன். அந்த ‘சரி’யை நான் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

கேட்டில் ஓனரம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நாய்க்குட்டிக்கும் சேர்த்து மூன்று சுற்று சுற்றி, அதன் நெற்றியில் ஒரு சொட்டு வைத்தாள். எனக்குப் பிடித்திருந்தது. பிறகு உள்ளே போய் ஒரு எவர்சில்வர் கிண்ணமும் நீல நிற மெத்தையும் எடுத்து வந்தாள்.

“எங்க குட்டியோடது மிஸ். நல்லா கழுவிட்டேன். வளந்த வூட்டுப் பொருள், ராசியா இருக்கும்.”

பிள்ளை பிறந்த வீட்டுக்கு, பிள்ளை வளர்ந்த வீட்டிலிருந்து தூளிச்சேலை வாங்கி வருவோம் இல்லையா, அந்த மாதிரி. நானும் என் மகளுக்கு அப்படி வாங்கியிருக்கிறேன். ஆசையாக வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே ஓனரம்மாவின் மகளும் எங்கள் குட்டியும் கீழே முருங்கை மரத்தடி மணலில் புரண்டு விளையாடினார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் காலை குட்டி வாந்தி எடுத்தது. மஞ்சளாக, நுரையாக. அன்றைக்குப் பள்ளி திறக்கும் நாள். வயிறு காலியாக இருக்கிறது, தெம்பில்லை என்று நினைத்துப் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தேன். குடித்ததைவிட அதிகமாகக் கக்கியது. பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி ஓமத் தண்ணீர் இரண்டு பாலாடை புகட்டினேன். அதையும் கக்கியது. “டாக்டர்கிட்ட போயிடலாமா?” என்றார் கணவர். முதல் நாளே லீவு போட்டால் ஹெச்.எம். முகத்தில் விழிக்க முடியாது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவருக்கும் கேளம்பாக்கம் தாண்டி ஆபீஸ். பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

நான் திரும்பி வந்தபோது கூடம் முழுக்கப் பேதி. தண்ணீராக, கருஞ்சிவப்பாக. ஈரத் துருவின் நாற்றம் ஒன்று இருந்தது. இன்றைக்கும் எங்காவது துருப்பிடித்த பைப்பைத் தொட்டால் எனக்கு அந்த நாள் வந்துவிடும். குட்டி பாத்ரூம் வாசலில் மூக்கைத் தரையில் அழுத்திக்கொண்டு கிடந்தது. என்னைப் பார்த்து வாலை ஒரே ஒரு முறை அசைத்தது. அந்த ஒரு பகல் என்னால் போனது. மற்ற பழியை யார் யார் மேலோ போட்டேன், அதை மட்டும் யார் மேலும் போட முடியவில்லை.

கேம்ப் ரோடு பக்கம் ஒரு கால்நடை டாக்டர். சின்ன கிளினிக், சின்ன வயசு. குட்டியின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் இறங்காமல் கூடாரமாக நின்றது. உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். வெளுத்திருந்தது. பின்னால் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து ஒரு பிளாஸ்டிக் பட்டையில் சொட்டு விட்டார். இரண்டு கோடு விழுந்தது. கொரோனா காலத்தில் எல்லாரும் பார்த்துப் பயந்த அதே இரண்டு கோடு.

“பார்வோ. வைரஸ். குடலைத்தான் அரிக்கும்,” என்றார். “பால் குடுத்தீங்களா?”

“கொஞ்சம்.”

“வாந்தி நிக்கிற வரைக்கும் வாய் வழியா ஒண்ணும் வேணாம். தண்ணிகூட நான் சொல்லும்போதுதான். மனுஷ மாத்திரை எதுவும் போட்டுறாதீங்க. காலைலயும் சாயங்காலமும் கொண்டு வாங்க, டிரிப்ஸ் போடணும். அந்த மெத்தையைக் கொளுத்திடுங்க. வீட்டை பிளீச்சிங் பவுடர் கரைச்சுக் கழுவுங்க, சோப்பு வேலைக்கு ஆகாது. நாலு நாள் தாண்டினா பொழைச்சிரும்.”

தாண்டலன்னா என்று நான் கேட்கவில்லை.

முன்னங்காலில் மயிரை மழித்து ஊசியைக் குத்தி டேப் சுற்றினார். பிறகு பேனாவை எடுத்தார். “உங்க வீட்ல இதுக்கு முன்னாடி நாய் ஏதும் இருந்துச்சா?”

“கீழ் வீட்ல இருந்துச்சு. ஊருக்கு அனுப்பிட்டாங்க.”

“அது நல்லா இருக்குல்ல?”

“இருக்கும் சார். இது அந்தப் படப்பைக்காரன்கிட்ட இருந்து வந்ததுதான். நோய்க் குட்டியை என் தலைல கட்டிட்டான்.”

“எத்தனை நாள் ஆச்சு வாங்கி?”

“பதினொண்ணு.”

“பொதுவா இது தொத்தினா மூணு நாள்ல இருந்து ஏழு நாளுக்குள்ள தெரிஞ்சிரும்,” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நாயைப் பார்க்கப் போய்விட்டார்.

இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பதினொன்றிலிருந்து ஏழைக் கழிக்க எனக்குத் தெரியாதா? அன்று கழிக்கவில்லை. படப்பைக்காரன் முகம் எனக்குத் தெரிந்திருந்தது, அது போதுமாக இருந்தது. கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டால் அதற்குமேல் அது எதையும் கேட்பதில்லை. சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவனை என்னென்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் கொட்டகையைப் பிரித்தேன். அவனைத் தெருவில் முட்டி போட வைத்தேன். அவன் பிள்ளை என் வகுப்புக்கு வந்து கணக்கில் பெயில் ஆனது. அந்த நாற்காலியில் எனக்குப் பொழுது போனது அப்படித்தான்.

மறுநாள் மதியம் அரை நாள் லீவு போட்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு படப்பைக்குப் போனேன். குட்டி பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. நல்லதாகப் போயிற்று. அவர்கள் காதுபட ஆரம்பித்தேன். செத்துக்கொண்டிருக்கும் குட்டியை விற்கிறாய், ஊசி போடாமல் அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டுகிறாய், பிறகு என் வாயில் என்ன வந்ததோ எல்லாம். வந்த குடும்பம் மெதுவாகக் காரை நோக்கி நகர்ந்தது.

படப்பைக்காரர் குரலை உயர்த்தவே இல்லை. “மேடம், கூடப் பொறந்தது நாலு குட்டி கீது. நாலும் நல்லா கீது. நம்பர் தரேன், நீங்களே போன் போட்டுக் கேளுங்க.”

“ஒரு நம்பரும் வேணாம்.”

“கீழ வுட்டீங்களா மேடம்? வேற நாய் இருந்த எடத்துல...”

“என் வீட்டைப் பத்திப் பேசாத!”

இருந்தாலும் நான்கு எண்களை எழுதி என் கணவர் கையில் கொடுத்தார். கணவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து, தாம்பரம் பக்கத்து நாய் வளர்ப்பவர்களுக்கென்று இருந்த ஃபேஸ்புக் குழுவில் அவர் கொட்டகையின் படத்தைப் போட்டு, இரண்டு பக்கம் எழுதினேன். பிழையில்லாமல், பத்தி பிரித்து. சாயங்காலத்துக்குள் ஊரே திட்டியது. ஒவ்வொரு வசவையும் நிதானமாகப் படித்தேன். அதில் ஒரு சுகம் இருந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாள் குட்டி கண்ணைத் திறக்கவே இல்லை. கணவர் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் வயிற்றோரம் வைத்தார். ஓனரம்மா மேலே வந்தாள். கோயிலில் அர்ச்சனை செய்த விபூதியைக் கொண்டுவந்து வாசலிலேயே நின்று, குட்டியைப் பார்த்துக் கண் கலங்கினாள். “எல்லாம் சரியாயிடும் மிஸ்,” என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். இதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்குத் தெரியும். அந்த வாந்தியும் அந்த நாற்றமும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நின்றாள்.

நான்காம் நாள் சாயங்காலம் வாந்தி நின்றது. டாக்டர் விரலில் குளுக்கோஸ் தண்ணீரைத் தொட்டு வைத்தார். குட்டி நக்கியது. அரை மணி கழித்து இன்னொரு விரல். வயிற்றில் தங்கியது. மறுநாள் அரிசிக் கஞ்சித் தெளிவு, அதற்கும் மறுநாள் வேகவைத்த கோழியை மசித்து ஒரு ஸ்பூன். என் கணவர் கிளினிக் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். எனக்கு அழுகை வரவில்லை. படப்பைக்காரன் இதோடு தப்பித்தான் என்று நினைக்காதே என்றுதான் மனதுக்குள் ஓடியது. அந்த ஞாயிறு சர்ச்சில் பாஸ்டர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். மற்றவர்களுக்குச் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

உண்மை வந்தது எங்கள் வாசல் பெருக்கும் அக்காவிடமிருந்து. கீழ் வீட்டுக்கும் எங்களுக்கும் அவர்தான் வேலை செய்தார். ஜூலை தொடக்கத்தில் ஒரு நாள், குட்டி மாடியில் தள்ளாடித் தள்ளாடி நடப்பதைப் பார்த்துவிட்டு, “இதுவாச்சும் பொழைச்சுச்சே,” என்றார்.

“இதுவாச்சும்னா?”

“கீழ் வூட்டுக் குட்டி போய்ச் சேந்துச்சேம்மா. இதே மாரி ரத்த ரத்தமா பேதியாயி. நான்தான கழுவுனேன்.”

“அது ஊருக்குத்தானே போச்சு?”

அக்கா துடைப்பத்தை நிறுத்தினார். “இன்னாம்மா சொல்ற, ஊருக்கா? அந்த முருங்க மரத்தாண்ட பொதச்சிகீறாங்க. நீங்க குடிவரதுக்கு பத்து நாளு முன்னாடி. நல்லது நடக்கற வூட்ல அத எதுக்குச் சொல்லிகினுன்னு வுட்டிருப்பாங்க.”

நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். முருங்கை பூத்திருந்தது.

அக்கா சொன்னது எனக்குப் புரியாத விஷயம் இல்லை. எங்கள் வீட்டிலும் இதே பழக்கம்தான். கர்ப்பிணி முன்னால் யாரும் கலைந்த கதையைப் பேசமாட்டோம். புது வீட்டுப் பால் காய்ச்சும்போது இழவுச் செய்தி வந்தால் போனை அணைத்துவிடுவோம். நல்லது வரும் நேரத்தில் அந்த வார்த்தை வாயில் வரக்கூடாது. ஓனரம்மாவும் அதைத்தான் செய்தாள். வார்த்தையை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கிண்ணத்தையும் மெத்தையையும் என் கையில் கொடுத்தாள்.

டாக்டருக்குப் போன் செய்தேன். “மண்ணுல மாசக்கணக்கா இருக்கும் மேடம். ஒரு வருஷம்கூட இருக்கலாம். உங்க குட்டிக்கு இனி பயமில்லை. ஆனா ஊசி முடியாத குட்டி எதுவும் அந்த காம்பவுண்டுக்குள்ள வரக் கூடாது,” என்றார்.

கணவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதம் இன்னும் போகவில்லை. துவைத்து மங்கியிருந்தது, எண்கள் தெரிந்தன. நான்கு பேருக்கும் போன் செய்தேன். நான்கு குட்டியும் நன்றாக இருந்தன. கேளம்பாக்கத்தில் இருக்கும் ஒரு பெண் வீடியோவே அனுப்பினாள், அதில் குட்டி செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. ஃபேஸ்புக்கில் எழுதியதை அழித்தேன். படப்பைக்காரருக்குப் போன் செய்து, தப்பு என் மேல்தான் தம்பி என்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“பரவால்ல மேடம். மூணு வாரமா யாரும் வரல, பேஜாராத்தான் போச்சு. வுடுங்க. குட்டி பொழைச்சுச்சா?” என்றார்.

அவ்வளவுதான். அந்தக் கோபம் எல்லாம் அப்படியே என் கையில் திரும்பி வந்துவிட்டது. அதை எங்கே கொண்டு போவது? மாடிப்படி இறங்கினால் ஓனரம்மா வீடு.

ஆனால் நான் உடனே இறங்கவில்லை. கோபத்தை ஆறவிடாமல் மூடிவைக்க எனக்குத் தெரியும். சின்னச் சின்னதாகச் செய்தேன். மேல்தொட்டி நிரம்பி வழிந்தால் முன்பெல்லாம் நான்தான் குரல் கொடுத்து மோட்டாரை நிறுத்தச் சொல்வேன். இப்போது வாயைத் திறக்கவில்லை, தண்ணீர் சுவரோடு வழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆடி மாதம் கூழ் கொண்டுவந்தாள். வாங்கி வைத்து, குடிக்காமல் கொட்டினேன். அவள் சிரித்தால் சிரித்தேன். அவள் சிரித்தது மாதிரியே.

அவள் மகளிடம் மட்டும் காட்டவில்லை. தினமும் வந்துகொண்டுதான் இருந்தாள். எட்டாம் வாய்பாடு வரைக்கும் வந்துவிட்டாள். ஒருநாள் எங்கள் குட்டிக்குக் கோழிச் சாறு வைக்கும்போது கேட்டாள். “மிஸ், எங்க குட்டிக்கு ஊர்ல பால் குடுப்பாங்களா?”

எனக்கு அப்போது எல்லாம் தெரியும். “குடுப்பாங்க,” என்றேன்.

“தினமுமா?”

“தினமும்தான். எட்டேழு என்ன சொல்லு.”

ஆவணி பிறந்தது. ஒரு வியாழக்கிழமை ஓனரம்மா மேலே வந்தாள். முகம் பூரித்திருந்தது. “பாப்பாவுக்கு ஒரு குட்டி வாங்கறோம் மிஸ். ஆடி முடியட்டும்னு இருந்தோம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் எங்க தம்பி கார்ல கொண்டாறான்.” கொஞ்சம் தயங்கினாள். “அந்தக் கிண்ணத்தைக் குடுத்திருங்களேன். உங்க குட்டிக்கு ஆகி வந்த கிண்ணம். எமன்கிட்ட இருந்து மீண்டு வந்துச்சில்ல.”

மெத்தையைக் கொளுத்திவிட்டேன், கிண்ணத்தை பிளீச்சிங்கில் ஊறவைத்து ஒரு பையில் கட்டி மாடியில் போட்டிருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

“நாளைக்குத் தரேன்மா,” என்றேன்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் எனக்கு ஐந்து வகுப்பு. ஐந்திலும் கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று ஞாபகமில்லை. நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. கிண்ணத்தைத் துடைத்து, சிரித்துக்கொண்டே கையில் கொடுத்தால் போதும். முருங்கை மரத்தடி மண் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு வாரம். பிறகு நானும் விபூதிக்குப் பதிலாக ஒரு ஜெபத்தோடு அவள் வாசலில் போய் நின்று, எல்லாம் சரியாயிடும் என்று சொல்லலாம். அவள் எனக்குச் செய்ததில் ஒரு எழுத்து கூடாமல் குறையாமல். இதைவிடப் பொருத்தமான பழி எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது. மூன்றாவது பீரியட் வரை அதைத்தான் செய்வதாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மனது நிறைந்திருந்தது.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது சாப்பிட முடியவில்லை. பாத்ரூம் வாசலில் கிடந்தபடி ஒரே ஒரு முறை அசைந்த வால் கண்ணுக்குள் வந்து நின்றது. வரப்போகிற குட்டி என்னை என்ன செய்தது? அதனால் திட்டத்தை மாற்றினேன். பழியை விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள், மாற்றினேன்.

சாயங்காலம் ஐந்தரை மணி. ஓனரம்மாவின் தம்பி கார் கேட்டில் வந்து நின்றது. பட்டுப்புடவையில் ஓனரம்மா, கையில் ஆரத்தி. அவள் நாத்தனார் குடும்பம், எதிர்வீட்டுக்காரர்கள், எல்லாரும் நின்றார்கள். தம்பி கதவைத் திறந்து, வெள்ளையாக ஒரு குட்டியை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினார். நான் கிண்ணத்தோடு படியிறங்கி நேராக அவருக்கும் கேட்டுக்கும் நடுவில் போய் நின்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் எனக்கு. அந்தக் குரலில் சொன்னேன்.

“குட்டியை உள்ள கொண்டு போகாதீங்க. கீழ விட்டா ஒரு வாரத்துல செத்துரும். இவங்க போன குட்டி ரத்தபேதில செத்து, அதோ அந்த முருங்க மரத்தடில பொதைச்சிருக்கு. எனக்குத் தெரியாம அது சாப்பிட்ட கிண்ணத்துல என் குட்டியைச் சாப்பிட வச்சாங்க. அது சாகற மாதிரி கெடந்தப்ப வந்து பாத்துட்டு, சரியாயிடும்னு சொன்னாங்க.”

ஆரத்தி நேரத்தில், வெள்ளிக்கிழமை, வாசலில், பத்துப் பேர் நடுவில் செத்துரும் என்ற வார்த்தை. அவள் மூடி வைத்திருந்த அத்தனையையும் அவளுடைய நல்ல நேரத்தில் திறந்து கொட்டினேன். நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்தினாள். எதிர்வீட்டம்மா இரண்டடி பின்னால் போனாள். ஓனரம்மாவின் முகத்தை நான் கண் எடுக்காமல் பார்த்தேன். நிறம் போனது. தட்டு சாய்ந்து ஆரத்தித் தண்ணீர் அவள் புடவையில் சிவப்பாக ஊற்றியது. இதற்காகத்தான் ஒன்றரை மாதம் சிரித்தேன். வயிறு குளிர்ந்தது.

தம்பி குட்டியைத் திரும்பக் காரில் வைத்துக் கதவைச் சாத்தினார். அது இப்போது அவர் வீட்டில் நன்றாக வளர்கிறது என்று கேள்விப்பட்டேன்.

அப்போதுதான் ஓனரம்மாவின் இடுப்புக்குப் பின்னாலிருந்து மகள் வெளியே வந்தாள். பாவாடை சட்டை, புது வளையல். காரைப் பார்க்கவில்லை. முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அம்மாவை இல்லை, என்னை.

“மிஸ், அப்ப ஊர்ல இருக்கறது யாரு?”

அவளை நான் மறந்தே போயிருந்தேன். ஒன்றரை மாதம் அவ்வளவு கணக்காகத் திட்டம் போட்டவள், அவள் அங்கே நிற்பாள் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

“தினமும் பால் குடுப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?”

ஓனரம்மா அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் சேலையூருக்கு வந்துவிட்டோம். எங்கள் நாய் இப்போது என் முட்டிக்கு மேல் உயரம், சோபாவில் பாதி அதற்கு. ஓனரம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் என்னைக் கண்டால் குட் மார்னிங் மிஸ் என்பார்கள். வராந்தாவில் நான் வருவதைப் பார்த்தால் அவள் மட்டும் அடுத்த படிக்கட்டுக்குத் திரும்பி, சுற்றிக்கொண்டு தன் வகுப்புக்குப் போகிறாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவள் எதையும் எளிதில் மறக்கிற பிள்ளை இல்லை.